மாக்கல் கடைந்த ஆறு வருஷம்: மூன்றாவது பேரிங்கையும் மாற்றிய பிறகு

நேற்று என் கடைசல் லேத்துக்கு மூன்றாவது தடவையாகப் பேரிங் மாற்றினேன். ஹெட்ஸ்டாக்கை, அதாவது சுழலும் தண்டு இருக்கிற தலைப்பகுதியை, பிரித்துப் போட்டு, கை முழுக்க கிரீஸோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் கோபிசெட்டிபாளையத்தில் இருந்து நண்பர் ஒருவர் போன் பண்ணினார். "ஏனுங்க, நீங்க வெச்சிருக்கற லேத்துக்கு வெல கொறைச்சிருக்கறாங்களாமா, எடுத்துப் போட்டா மரம், கல்லு ரெண்டுமே கடையலாமுங்களா?" என்று கேட்டார். இருந்த கோபத்துக்கு என்ன சொல்லியிருப்பேனோ, ராத்திரி எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அதுதான் இது.

கோயமுத்தூரில் செய்த மரக் கடைசல் லேத், 1 எச்பி மோட்டார், 2019-ல் வாங்கினேன். மற்ற விவரமெல்லாம் அவருக்கே தெரியும். மரத்துக்கு இந்த மெஷினில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பூவரசு, வேம்பு, தூங்குமூஞ்சி எல்லாம் கடைந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அதிர்ந்ததில்லை. ஆனால் நான் அதிகம் கடைவது மாக்கல். சேலம் பக்கம் கல்சட்டி கடைகிறவர்கள் ஒதுக்கிப் போடும் துண்டுக் கல்லை வாங்கி வருவேன். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். சந்தேகம் இருந்தால் தண்ணீரில் முக்கி வெயிலில் வைப்பேன். கல் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகவே தெரிந்தால் அந்தக் கல்லை லேத்தில் ஏற்றக் கூடாது. சக்கின் (கடையும் பொருளைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) தாடையைக் கல்லுக்குள் விட்டு விரித்துப் பிடிப்பதும் ஆகாது, பிளந்துவிடும். அடியில் ஒரு மரக்கட்டையை எப்பாக்ஸி போட்டு ஒட்டி, அந்தக் கட்டையைத்தான் சக்கில் பிடிக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்றால் ஒரு குங்குமச் சிமிழுக்காக. அம்மாவுக்கு முதலில் பூவரசில் ஒன்று கடைந்து கொடுத்தேன். ஐப்பசி மழையில் மூடி இறுகிப் போய்த் திறக்கவே வராது, சித்திரையில் லொடலொடவென்று ஆடும். மரம் அப்படித்தான், ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதே அளவில் மாக்கல்லில் ஒன்று கடைந்தேன். மூடியைச் சிமிழின் வாயில் வைத்துக் கையை எடுத்தால் உடனே இறங்காது. உள்ளே இருக்கிற காற்று இடுக்கு வழியாக வெளியேற வெளியேற, மூடி தானாக மெல்ல இறங்கி உட்காரும். ஐந்து மழைக்காலம் பார்த்தாயிற்று, இன்றைக்கும் அப்படியேதான் இறங்குகிறது. விளக்கெண்ணெய் தடவினதில் சாம்பல் நிறம் போய்க் கருகருவென்று ஆகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்த மூடியை ஒரு தடவை இறக்கிக் காட்டாமல் விடமாட்டார். இந்தச் சந்தோஷத்தை எனக்குக் கொடுத்தது இந்த லேத்துதான், அதை மறைக்க மாட்டேன்.

இனி பேரிங் விஷயம். மாக்கல் மாவு மாதிரி மென்மையான தூள்தானே, அது இரும்பை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அது தப்பு. கல்லில் பெரும்பாகம் டால்க், கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் கடினம் 1, நகத்தாலேயே கீறலாம். ஆனால் மாக்கல் முழுக்க டால்க் கிடையாது, கூடவே மேக்னசைட், மேக்னடைட் மாதிரி அதைவிடக் கடினமான குருணைகளும் இருக்கும். கம்பெனி போட்டுக் கொடுத்தது இரண்டு பக்கமும் தகர மூடி வைத்த இசட்இசட் பேரிங். தகரத்துக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மயிரிழை இடுக்கு உண்டு, தூளுக்கு அது போதும். ஒரு வாரமாகக் கரகரவென்று சத்தம், கடைந்த பரப்பில் அலை அலையாகக் கோடு. பழைய பேரிங்கைக் கழற்றித் தகரத்தை நெம்பினால், உள்ளே கிரீஸ் தோசை மாவுப் பதத்தில் பச்சைச் சாம்பலாக நின்றது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்கிறது.

இது முதல் தடவை, ஒன்றரை வருஷத்தில். அதற்குப் பதில் போட்ட பேரிங்கும் இசட்இசட்தான், அது இன்னும் சீக்கிரமே போனது. அதற்கு அப்புறம் பட்டறைக்கார அண்ணன் சொல்லித்தான் ரப்பர் சீல் வைத்த 2ஆர்எஸ் போட்டேன், ஏறக்குறைய மூன்று வருஷம் ஓடியது. விலை வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை. கம்பெனிக்குப் போன் பண்ணினால், மர லேத்தில் கல்லை ஏன் போட்டீர்கள் என்று கேட்கிறார்கள். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்கும்போது கல்லும் கடையலாம் என்று சொன்னது அவர்கள் ஆள்தானே? ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) முனையில் தூளைத் தடுக்க ஒரு ஃபெல்ட் (கம்பளித் துணி) வாஷர் உட்கார இடம் விட்டிருந்தால் எனக்கு இந்த வேலையே இல்லை.

தண்ணீர் தெளித்துக் கடைந்தால் தூசு பறக்காது. நான் அப்படித்தான் கடைகிறேன், முகத்தில் என்95-ம் போடுகிறேன். சில இடத்துக் கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருக்கும், கல் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, இதில் அலட்சியமே கூடாது. ஆனால் தண்ணீர் தெளித்தால் லேத்தின் அடித்தளமான வார்ப்பிரும்பு பெட் துருப்பிடிக்கும். ஒரு ஆடி பதினெட்டுக்குக் பவானி கூடுதுறை போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தால், பெட் மேல் நகர வேண்டிய டெயில்ஸ்டாக் (எதிர்முனைத் தாங்கி) நகரவே இல்லை. இப்போது மெழுகு பூசி மேலே ரெக்ஸின் விரித்து வைக்கிறேன்.

வேகமும் ஒரு தொந்தரவு. புல்லியில் குறைந்த வேகப் படியே நிமிஷத்துக்கு 500 சுற்று, ஆறு இஞ்ச் கல்லுக்கு அது அதிகம். த்ரீ பேஸ் மோட்டார் மாற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி போட்டு 250-க்குக் கொண்டுவந்தேன். அந்த வேகத்தில் மோட்டாரின் சொந்த ஃபேன் மெதுவாகச் சுற்றுவதால் சூடேறுகிறது, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வைத்தாயிற்று. கொட்டாங்குச்சி, எருமைக் கொம்பு, அக்ரிலிக் எல்லாம் போட்டுப் பார்த்தேன், மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொம்பு மட்டும் மயிர் கருகின நாற்றம் அடிக்கும்.

கோபி நண்பருக்கு என் பதில்: வாங்காதீங்க. எவ்வளவு விலை குறைத்தாலும் கல்லுக்கு இது வேண்டாம். மரத்துக்கு மட்டும் என்றாலும் வாங்குங்க என்று இன்றைக்கு என் வாயில் வராது. அப்படியென்றால் உங்களுடையதைக் கொடுங்கள் என்று கேட்பார், அதையும் கொடுக்க மாட்டேன். சாயங்காலம் புது 2ஆர்எஸ் போட்டு, முன்னால் ஃபெல்ட்டை வெட்டி வைத்து, வெறுமனே பத்து நிமிஷம் ஓட்டினேன். சத்தமே இல்லை. போன மாசம் பாதியில் நிறுத்தின கல்லை ஏற்றி, வாய் விளிம்பை மட்டும் ஒரு சுற்று எடுத்துப் பார்த்தேன், அலை இல்லை. மூடிக்கான துண்டை நாளைக்குத்தான் ஒட்ட வேண்டும்.