லேப்டாப்பில் பவர் சேவிங் மோடு: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தது

விண்டோஸின் பவர் சேவிங் மோடான பேட்டரி சேவர் வழக்கமாக சார்ஜ் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும்தான் தானாக ஆன் ஆகும். நான் அதை எப்போதும் ஆனில் இருக்கும்படி மாற்றி, வருடக்கணக்கில் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இதற்கு எனர்ஜி சேவர் என்று பெயர் மாறியது. சார்ஜரில் போட்டிருக்கும்போதும் இயங்கவிடலாம்.

எழுத்து வேலை, பிரவுசிங் என்றால் பேட்டரி கூடுதலாகத் தாங்குவது நன்றாகவே தெரிகிறது. ஆனால் அந்தப் பெருமையில் பாதி திரைக்குச் சேர வேண்டியது. லேசான வேலையில் பிராசஸர் பெரும்பாலான நேரம் சும்மாதான் கிடக்கும். சார்ஜைத் தின்பது டிஸ்ப்ளே. சேவரை ஆஃப் செய்துவிட்டு, அது இறக்கும் அதே அளவுக்கு பிரைட்னஸை மட்டும் இறக்கிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. 120 ஹெர்ட்ஸ் திரை இருப்பவர்கள் ரெஃப்ரெஷ் ரேட்டை (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை) 60க்குக் கொண்டுவந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். ஸ்க்ரோல் செய்யும்போது முதலில் உறுத்தும், பிறகு கண் பழகிவிடும்.

எனக்குப் பிடித்த செட்டிங் வேறு ஒன்று. பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட் என்பதை 100லிருந்து 99 ஆக்கினால், பெரும்பாலான இன்டெல் லேப்டாப்புகளில் டர்போ பூஸ்ட் (தேவைப்படும்போது பிராசஸர் வேகத்தைத் தானாகக் கூட்டும் வசதி) நின்றுவிடும். ஒரு சதவீதத்தில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். வேகம் கூட வேண்டுமானால் வோல்டேஜும் கூட வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும். அதனால் கடைசிக் கட்ட வேகத்துக்குத்தான் விலை அதிகம். அதை விட்டுக்கொடுத்ததில் சூடு தணிந்தது, ஃபேன் இரைச்சல் அடங்கியது. சேமித்த சார்ஜைவிட அந்த அமைதியே எனக்குப் பெரிய லாபம். சில புது மாடல்களில் இந்த செட்டிங் கண்ணில் படாது.

வீடியோ எடிட்டிங்குக்கு இதெல்லாம் சரிப்படாது. எக்ஸ்போர்ட் இழுத்துக்கொண்டே போகும், அவ்வளவு நேரமும் திரையும் எரியும், மிச்சமாவது சொற்பம். அந்த வேலைக்கு சார்ஜரைச் செருகி மோடை ஆஃப் செய்துவிடுவேன். சேவரில் பின்னணி சிங்க் நின்றுபோவது இன்னொரு தொல்லை: மெயில் தாமதமாக வரும், கிளவுடில் ஃபைல் பழைய நிலையிலேயே கிடக்கும்.

மூடிவைத்த லேப்டாப் பைக்குள்ளேயே சூடாகி சார்ஜ் கரைவதை எந்த சேவரும் முழுதாகத் தடுப்பதில்லை. இப்போதைய லேப்டாப்புகளில் ஸ்லீப் என்பது அரைத்தூக்கம்தான். மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற இந்த ஸ்லீப்பில் நெட்வொர்க் வேலைக்கு அவ்வப்போது விழித்துக்கொள்ளும். மூடியை இறக்கினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றியதும் அந்தத் தலைவலி தீர்ந்தது. ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு ஆஃப் ஆகிவிடுவதால் சார்ஜ் செலவே கிடையாது எனலாம். திறக்கும்போது சில நொடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேட்டரியின் ஆயுளைப் பொறுத்தவரை, சேவர் மோடு பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. லித்தியம் அயன் பேட்டரிக்கு ஆகாதவை சூடும், முழுச் சார்ஜிலேயே கிடப்பதும். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் டிசைன் கெப்பாசிட்டியும் (புதிதில் ஏற வேண்டிய அளவு) இப்போது முழுதாக ஏறும் அளவும் தனித்தனியாக வரும். இரண்டுக்கும் இடைவெளி விரிவதைப் பார்த்த பிறகு சார்ஜ் 80%க்கு மேல் ஏறாதபடி வரம்பு போட்டுவிட்டேன். வெளியே கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் வரம்பை எடுத்துவிடுகிறேன்.