ஓஇடி தேர்வு: கட்டும் பணத்துக்குத் தகுமா?

பிரிட்டன், அயர்லாந்து என்று கிளம்பும் நர்ஸ்களுக்கு முதல் பெரிய செலவு ஆங்கிலத் தேர்வுதான். மருத்துவத் துறையினருக்கென்றே நடத்தப்படும் ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குக் கட்டணம் 587 ஆஸ்திரேலிய டாலர். பொதுவான ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் கட்டணத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று மத்திய அரசு அமைத்த குழு 2016-இல் பரிந்துரைத்தது. இன்றும் பல ஊர்களில் அந்தத் தொகை எட்டாக்கனி. இவர்கள் ஊரை விட்டுக் கிளம்புவதற்கும், இந்தக் கட்டணமே மலையாகத் தெரிவதற்கும் காரணம் ஒன்றுதான்.

இருந்தும் என் ஓட்டு ஓஇடிக்கே. ஐஇஎல்டிஎஸ்ஸில் எந்தத் தலைப்பில் கட்டுரை வரும் என்று சொல்ல முடியாது. ஓஇடியில் வருவதெல்லாம் வார்டு: டிஸ்சார்ஜ், மருந்து அளவு, காயத்துக்குக் கட்டு, பயந்துபோன நோயாளி.

லிசனிங்கில் 42 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான். விட்டுப்போன விடையையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போய்விடும். ரீடிங் முதல் பகுதியில் 15 நிமிடத்துக்கு 20 கேள்விகள். அதில் எழுத்துப்பிழையோடு எழுதிய விடைக்கு மார்க் கிடையாது.

நல்ல நர்ஸ்களும் சறுக்குவது ரைட்டிங்கில். 45 நிமிடம், முதல் 5 நிமிடம் நோயாளி பற்றித் தரும் குறிப்புகளை, அதாவது கேஸ் நோட்ஸை, வாசிக்க மட்டும். பிறகு 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம். நம் மருத்துவமனைகளில் ரெஃபரல் கடிதமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பெரும்பாலும் டாக்டர் வேலை. சிஸ்டர் நிரப்புவது சார்ட். அதனால் நோட்ஸில் இருப்பதையெல்லாம் வரிசையாகக் கொட்டிவிடுகிறார்கள். கடிதத்தைப் பெறுபவர் நோயாளியின் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றும் நர்ஸ் என்றால், நோயாளிக்குச் சிறுவயதில் நடந்த டான்சில் ஆபரேஷன் அவருக்கு எதற்கு? எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதுதான் இந்தப் பகுதியின் உயிர். பயிற்சி மையங்கள் தரும் மனப்பாட வாக்கியங்கள் இங்கே கைகொடுக்காது. கேஸ் மாறினால் அவை பொருந்தாமல் நிற்கும்.

ஸ்பீக்கிங்கில், கார்டில் தரும் சூழலை வைத்து, நோயாளியாக நடிப்பவரோடு இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். மருத்துவ அறிவுக்கு மார்க் இல்லை. நோயாளியின் கவலை என்ன என்று கேட்டீர்களா, சொன்னது புரிந்ததா என்று உறுதிசெய்தீர்களா என்று பார்ப்பார்கள். ஒரே ஷிஃப்டில் வார்டு முழுவதையும் ஓடி ஓடிக் கவனிப்பவருக்கு ஒரு நோயாளியிடம் 5 நிமிடம் நின்று பேசும் பழக்கம் எங்கிருந்து வரும்? அது அவர் குற்றமல்ல, ஆள் பற்றாக்குறை. கார்டைப் பார்த்ததும் அறிவுரையை ஒப்பிக்காமல், முதலில் கேள்வி கேட்டுப் பழகுங்கள்.

பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி, 500-க்கு ரைட்டிங்கில் 300, மற்ற மூன்றிலும் தலா 350 கேட்கிறது. ஒன்றில் குறைந்தாலும் நான்கையும் மறுபடி எழுத வேண்டும். ஆனால் 12 மாதத்துக்குள் எழுதிய இரு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டலாம். அதற்கும் குறைந்தபட்ச மதிப்பெண் விதி உண்டு. ஆகவே முதல் முறை கட்டும்போதே, சம்பளத்தில் மறுதேர்வுக்கும் ஒதுக்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள்.

சவூதி போகிறவர்கள் இந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். அங்கே தேவை நர்ஸிங் அறிவைச் சோதிக்கும் பிரோமெட்ரிக் தேர்வும் டேட்டாஃப்ளோ சான்றிதழ்ச் சரிபார்ப்பும். ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழிதான் படிக்க வேண்டும்.