6 ஜிபியைக் கொடுத்து 8 ஜிபி வாங்கினேன்: ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் நிரூபிக்க என் கையில் முறையான பில் கிடையாது. அது ஏன் கிடையாது என்பதும் இதில் வரும். வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்கள், படம் விக்கி விக்கி வருகிறதே என்று கடைக்குக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சின்ன வயதில் அப்பா என்னை சைக்கிளில் வைத்து பீளமேடு விமான நிலைய வேலியோரம் கூட்டிப்போவார். விமானம் இறங்குவதைப் பார்க்கத்தான். அந்த ஆசை அப்படியே மனதில் தங்கிவிட்டது. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தபோது, ஊரடங்கில் வீட்டில் இருந்த எனக்கு அது பெரிய துணை. அதற்காகவே ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தேன்: ரைசன் 5 3600 பிராசஸர், திரையில் படம் வரைகிற ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக் கார்டு, 16 ஜிபி ரேம். வேலை முடிந்து வந்ததும் கொச்சியில் ஏறி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கோவையில் இறங்குவேன். மலை விலகி ஊர் தெரிகிற அந்த இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

தொல்லை இறங்கும்போதுதான். உயரத்தில் பறக்கும்போது ஒரு குறையும் இல்லை. ஓடுபாதை 23-க்கு நேராகத் திரும்பி தரையிலிருந்து ஆயிரம் அடிக்குக் கீழே வந்ததும் படம் ஒரு கணம் நிற்கும், அப்புறம் தாவும், மறுபடி நிற்கும். தரையைத் தொடுகிற நேரத்தில் அரை வினாடி நின்றாலே போதும், விமானம் தொப்பென்று விழுந்துவிடும். எஃப்பிஎஸ் எண்ணை, அதாவது வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதைப் பார்த்தால் 38, 40 என்று காட்டும். எண் நன்றாக இருந்தும் படம் ஏன் விக்குகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

2022 நவம்பரில் சிபியு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைத் தம்பி பெட்டியைத் திறந்து கார்டைப் பார்த்தார். அவ்வளவுதான் பார்த்தார்.

"அண்ணா, இது 6 ஜிபி கார்டுங்ணா. இந்த கேமுக்கு 6 பத்தாது. 8 ஜிபி போட்டுட்டா அப்படியே வழுக்கிட்டு ஓடும்."

அவர் எடுத்துக் காட்டியது ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. "புதுசா தம்பி?" என்று கேட்டேன். "பாக்ஸ் பீஸ்ங்ணா" என்றார். விலை 15,500. என் பழைய கார்டை 6,000-க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மீதி 9,500. அதோடு "கேமுக்கு ஆப்டிமைஸ்" செய்துதர 1,200. பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும்ங்ணா, உங்களுக்குத்தான் கூட ஆகும்" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "கிராபிக் கார்டு 8 ஜிபி" என்று மட்டும் இருந்தது. சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பணம் மிச்சம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். நான் செய்த முதல் தவறு அது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், ஆப்டிமைஸ் என்று அவர் செய்தது விண்டோஸை அழித்துவிட்டு லைசென்ஸ் இல்லாத ஒன்றைப் போட்டது. நான் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் போய்விட்டது. சிமுலேட்டர் முழுவதையும், நூறு ஜிபிக்கு மேல், மறுபடி இறக்க மூன்று நாள் ஆனது. இறக்கி முடித்து ஆசையோடு கோவையில் இறங்கினேன். அதே விக்கல். முன்பாவது மேகத்துக்குள் நன்றாகப் போகும், இப்போது அங்கேயும் இழுத்தது. போன் செய்தால், "டிரைவர் செட் ஆகணும்ங்ணா, ரெண்டு நாள் ஓட்டுங்க" என்றார். டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள்.

அதையும் செய்தேன். கார்டின் சிப்பைச் செய்கிற ஏஎம்டியின் தளத்திலிருந்து புது டிரைவரை இறக்கிப் போட்டதும் கார்டையே கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. திரை மங்கலாக, பெரிய எழுத்தாக நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். ஹார்டுவேர் விஷயம் தெரிந்த பையன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது மைனிங்ல ஓடுன கார்டு" என்றான். கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் இந்த வகைக் கார்டுகளின் பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி, மெமரியை முடுக்கி, மாதக்கணக்கில் இரவு பகலாக ஓட்டுவார்கள். மாற்றிய பயாஸை ஏஎம்டியின் அசல் டிரைவர் ஏற்காது. கடையில் டிரைவரைத் திருத்திப் போட்டு ஓடவைத்திருக்கிறார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் என்ற கிரிப்டோ தோண்டும் முறையையே கைவிட்டதால், அப்படி ஓடிய கார்டுகள் அந்த மாதங்களில் சந்தையில் கொட்டிக் கிடந்தன. கார்டைத் திருப்பிப் பார்த்தால் ஸ்குரூவின் மேல் இருந்த ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. ஹீட் சிங்க் இடுக்கில் தூசி. நான் அதுவரை திருப்பிப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. பயாஸைச் சரிசெய்து கார்டை ஓடவைத்த பிறகு, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினான். ஷேடர்ஸ், அதாவது கார்டில் படம் வரைகிற சின்னச் சின்னக் கணக்குப் பகுதிகள் என்ற இடத்தில் 2048 என்று இருந்தது. உண்மையான ஆர்எக்ஸ் 580-க்கு அது 2304 இருக்க வேண்டும். 2048எஸ்பி என்று ஒரு வகை உண்டு. பெயர் 580, உள்ளே இருப்பது ஏறக்குறைய 570. சீனச் சந்தைக்கென்று 2018-இல் வந்தது. அதை 580 என்று மட்டும் சொல்லி விற்றுவிடுகிறார்கள். அசல் 580-யே 2017-இல் வந்தது. என் 1660 சூப்பர் 2019 கடைசியில் வந்தது, அதைவிட வேகமானது. 6 ஜிபி, 8 ஜிபி என்பது கார்டில் எவ்வளவு படத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிற இட அளவு. எவ்வளவு வேகமாக வரையும் என்பது வேறு கணக்கு. நல்ல கார்டைக் கொடுத்து, மேலே பணமும் கொடுத்து, அதைவிட மட்டமான கார்டை வாங்கி வந்திருக்கிறேன்.

சரி, விக்கலுக்குக் காரணம் என்ன? கார்டே இல்லை! இதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

சிமுலேட்டரின் ஜெனரல் செட்டிங்ஸில் டெவலப்பர் மோடை ஆன் செய்து, டீபக் மெனுவில் எஃப்பிஎஸ் காட்டச் சொன்னால், எது இழுக்கிறது என்று அதுவே சொல்லும். கார்டு திணறினால் "லிமிடெட் பை ஜிபியு" என்று வரும். எனக்கு இறங்கும்போதெல்லாம் வந்தது "லிமிடெட் பை மெயின்த்ரெட்". அதாவது பிராசஸர் தன் கணக்கை முடித்துக் கொடுக்கும் வரை கார்டு சும்மா காத்திருக்கிறது. விமானம் பறக்கிற கணக்கு, காக்பிட் திரைகள், மற்ற விமானங்கள், தரையில் உள்ள கட்டடங்கள் எல்லாம் பெரும்பாலும் பிராசஸரின் அந்த ஒரே த்ரெட்டின் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரு வேலை வரிசையின்) தலையில் விழுகின்றன. உயரத்தில் வேலை குறைவு. விமான நிலையத்தை நெருங்கினால் எல்லாம் ஒன்றாக வந்து குவியும். அதனால்தான் இறங்கும்போது விக்கியது. எஃப்பிஎஸ் எண் சராசரிதான். நாற்பது படங்களில் முப்பத்தொன்பது சீக்கிரம் வந்து ஒன்று மட்டும் கால் வினாடி தாமதித்தாலும் எண் அழகாகவே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியும்.

டெவலப்பர் மோடு வேண்டாம் என்றால் இன்னும் எளிய சோதனை இருக்கிறது. ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்து ஒருமுறை இறங்கிப் பாருங்கள். விக்கல் போய்விட்டால் கார்டைச் சந்தேகப்படலாம். அப்படியே இருந்தால் கார்டைத் தொடாதீர்கள். கடையில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஒருவரும் சிமுலேட்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்து பையன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தான். வேகம் 2400 என்றும், இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருப்பதாகவும் காட்டியது. நான் வாங்கியது 3200 ரேம். கம்ப்யூட்டரின் மதர்போர்டு பயாஸில் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யாவிட்டால் அது குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ரைசன் பிராசஸருக்கு ரேம் வேகம் ரொம்ப முக்கியம். அதோடு ஒற்றை ரேம் என்றால் ஒரே வழி, இரண்டு போட்டால் இரண்டு வழி. எக்ஸ்எம்பியை ஆன் செய்து, அதே மாதிரி இன்னொரு 16 ஜிபி வாங்கிப் போட்டோம். தரையை எவ்வளவு தூரம் வரை நுணுக்கமாகக் காட்டுவது என்கிற டெரெய்ன் எல்ஓடி 200-இல் இருந்ததை 100-க்கு இறக்கினோம். இந்த அமைப்பு பிராசஸரைத்தான் பிழிகிறது. நான் கார்டுக்கு உரியது என்று நினைத்து ஏற்றி வைத்திருந்தேன். காக்பிட் திரைகளின் ரிஃப்ரெஷ் ரேட்டையும் மற்ற விமானங்களின் எண்ணிக்கையையும் குறைத்தோம். கடைசியாக, படம் வருவதைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் விசிங்க்கை ஆன் செய்து வினாடிக்கு 30 படம் என்று கட்டினோம். 45-க்கும் 22-க்கும் இடையில் குதிப்பதைவிட, ஒவ்வொரு படமும் 33 மில்லி வினாடிக்கு ஒன்றாகச் சீராக வருவது கண்ணுக்கு எவ்வளவோ மேல்.

அன்று இரவு ஓடுபாதை 23-இல் ஒரு விக்கல் இல்லாமல் இறங்கினேன். ஆனால் இந்தக் கார்டு மேகத்தை ஹையில் வைத்தால் திணறுகிறது, மீடியத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. பழைய கார்டு இருந்திருந்தால் இறக்கத் தேவையே இருந்திருக்காது.

மறுநாள் கடைக்குப் போய் என் கார்டைத் திருப்பிக் கேட்டேன். "அது அன்னைக்கே போயிருச்சுங்ணா. இதுக்கு டெஸ்டிங் வாரண்டி ஒரு வாரம்தான், அதுவும் முடிஞ்சுது" என்றார். பாக்ஸ் பீஸுக்கு ஏது டெஸ்டிங் வாரண்டி என்று கேட்டேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். முதலில் கேட்டதே பில்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கும் பெயரில்லாத சீட்டுக்கும் நான் எதைக் காட்டுவது? பில்லில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் இல்லாமல் எந்தக் கார்டையும் வாங்காதீர்கள், உங்கள் கார்டையும் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் பழையதையும் புதியதையும் அங்கேயே ஜிபியு-இசட்டில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

என் 1660 சூப்பரின் அட்டைப்பெட்டியும், அதை வாங்கிய அசல் பில்லும் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.  2022 நவம்பருக்குப் பிறகு கோவையில் யாராவது பெட்டியில்லாமல் ஒரு பழைய 1660 சூப்பர் வாங்கியிருந்தால், அதன் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எண்களை எனக்கு எழுதுங்கள். என்னுடையதாக இருந்தால் திருப்பிக் கேட்கமாட்டேன், நீங்களும் காசு கொடுத்துத்தானே வாங்கியிருப்பீர்கள். பெட்டியையும் பில்லையும் அனுப்பிவைக்கிறேன். வாங்கிய கடை எது என்று மட்டும் சொல்லுங்கள்.