சன்ஸ்கிரீனா, முழுக்கைச் சட்டையா, நிழலா? வெயில் வேலைக்கு எதை முதலில் செய்வது?

வெயிலில் வேலை பார்ப்பவர்களின் தோலைக் காப்பாற்ற ஒரு நிறுவனத்துக்கு மூன்று வழிகள் உண்டு: சன்ஸ்கிரீன் வாங்கித் தரலாம், உடையை மாற்றலாம், வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றலாம். பெரும்பாலான இடங்களில் முதல் வழியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பெரிய குறையாகப் படுவது அதுதான். உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2023இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மெலனோமா (தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோயால் இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் சாவுக்கு வெயிலில் செய்த வேலையே காரணம். 2019இல் மட்டும் 183 நாடுகளில் கிட்டத்தட்ட 19,000 பேர் இப்படிப் போயிருக்கிறார்கள்.

சன்ஸ்கிரீன் பலன் தரும், அதில் சந்தேகமே இல்லை. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 1990களில் நடந்த ஆய்வில், தினமும் பூசியவர்களுக்கு செதிள்செல் புற்றுநோய் (தோல் புற்றுநோயில் ஒரு வகை) சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஆனால் வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட டியூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தாராளமாகப் பூசிக் கணக்கிட்டது. நிஜத்தில் பலரும் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். சாலைப் பணியில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். கையுறையைக் கழற்ற வேண்டும், தாரும் தூசியும் போகக் கை கழுவ வேண்டும், முகத்து வியர்வையைத் துடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் டியூபைத் தொட முடியும். நெற்றியில் பூசியது வியர்வையோடு வழிந்து கண்ணில் எரிந்தால், மறுநாள் நெற்றியை விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

உடைக்கு இந்தத் தொல்லை இல்லை. காலையில் போட்டால் மாலை வரை ஞாபகம் வைக்க வேண்டியது ஒன்றுமில்லை. யு.பி.எஃப். (துணியின் காப்பளவு) 50 என்று குறித்த துணி, வெயிலில் தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். வெளுத்துத் தேய்ந்த மெல்லிய பருத்திச் சட்டை நனைந்துவிட்டால் அந்தக் காப்பு வெகுவாகக் குறையும். தொப்பியில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி காதையும் பிடரியையும் அப்படியே வெயிலுக்குக் கொடுத்துவிடும். ஹெல்மெட் கட்டாயமான இடத்தில் அதன் மேல் மாட்டும் அகல விளிம்பும் பிடரித் துணியும் கிடைக்கின்றன. ஒரேயொரு எச்சரிக்கை: சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொளதொள சட்டைக்கை ஆபத்து, அங்கே மணிக்கட்டோடு ஒட்டிய சட்டைக்கைதான் சரி.

வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றும் மூன்றாவது வழிதான் என் முதல் தேர்வு. மற்ற இரண்டும் கதிர் வந்த பிறகு தடுக்கப் பார்க்கின்றன. இது ஆளையே கதிருக்கு வெளியே எடுக்கிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் மோசமான நேரம். அளவுகோல் வேண்டுமென்றால், புற ஊதாக் குறியீடு (அந்தக் கதிரின் வலுவைக் காட்டும் எண்) 3ஐத் தொட்டதுமே காப்பு தேவை. சூட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. குளிர்ந்த காற்று வீசும் நாளிலும், மெல்லிய மேகத்துக்கு அடியிலும் தோல் கருகும். மேலே தார்ப்பாய் கட்டினால் போதும் என்பதும் சரியல்ல: வானத்தில் சிதறியும் தரையில் பட்டும் கதிர் பக்கவாட்டில் வரும். மணல் சுமார் 15 சதவீதத்தையும் புதுப்பனி 80 சதவீதம் வரையும் திருப்பி அனுப்பும்.

“வேலை நின்றுவிடுமே” என்பார்கள். கான்கிரீட் கொட்டத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது, உண்மைதான். ஆனால் கம்பி வளைப்பதையும் பலகை அறுப்பதையும் நிழலுக்கு மாற்றலாம், கூரை வேலையைக் காலையிலேயே முடிக்கலாம், நிறுத்தவே முடியாத வேலைக்கு ஆட்களைச் சுழற்சியில் அனுப்பலாம். மிச்சமிருக்கும் வெயிலுக்கு உடை, உடை மறைக்காத முகத்துக்கும் புறங்கைக்கும் சன்ஸ்கிரீன் என்ற வரிசையில் போனால் அந்த டியூபும் உருப்படியாகப் பயன்படும்.

ஏற்கெனவே பல வருடம் வெயிலில் நின்றவர்களுக்கு இந்த மூன்றும் போதாது. காது மடல், கீழுதடு, மூக்கு, புறங்கை ஆகியவற்றில் நாலு வாரமாகியும் ஆறாத புண்ணோ, உரிந்து உரிந்து வரும் சொரசொரப்போ, உருவமோ நிறமோ மாறும் மச்சமோ தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்குச் சம்பளத்தோடு அரை நாள் விடுப்பு கொடுக்கும் ஏற்பாட்டை நிறுவனம் இப்போதே செய்து வைக்கலாம்.