கூர்முனைச் செயினா, உருள்முனைச் செயினா? கடற்கரை மண்ணில் ஓர் ஒப்பீடு

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது, சென்னை நீலாங்கரையில் எங்கள் தெருவை மரங்கள் இரண்டு நாள் அடைத்துக் கிடந்தன. மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்திருந்தன. தெருவில் இருந்தவை அரிவாளும் ஒரு கோடரியும் மட்டும். அந்த மாதமே மரம் அறுக்கும் மிஷின் ஒன்று வாங்கினேன்: ஸ்டில் நிறுவனத்தின் 180 வகை, 40 செ.மீ. பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). கோவளத்துக்குத் தெற்கே எங்களுக்குத் தென்னையும் சவுக்குமாக ஒரு சிறு தோப்பு உண்டு. அதனால் மிஷினுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது மிஷின் அல்ல, அதில் மாட்டும் செயின்தான்.

மிஷினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். எந்த மிஷினுக்கு உங்கள் ஊரில் உதிரிபாகம் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். என் மைத்துனர் பெயர் தெரியாத 58 சி.சி. மிஷின் ஒன்றை வைத்திருக்கிறார்; வலுவில் அது என்னுடையதை முந்தும். ஆனால் இரண்டு மாதம் சும்மா கிடந்தால் எளிதில் கிளம்பாது. பெட்ரோலில் இப்போது கலந்துவரும் எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாங்கிலேயே விட்டுவைத்தால் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வும் விறைத்துப்போகும். வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுவது என் வழக்கம். அதனால்தான் என் மிஷின் பிழைத்தது என்று நம்புகிறேன். இரண்டையும் ஒரே மாதிரிப் பராமரித்துப் பார்த்ததில்லை என்பதால் மைத்துனரின் மிஷினை மட்டம் என்று சொல்ல மாட்டேன்.

இனி செயின். பல்லின் மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலையைப் பாருங்கள். அது கத்தி முனைபோலச் சதுரமாக இருந்தால் ஃபுல் சிசல், அதாவது கூர்முனைச் செயின். சற்றே உருண்டிருந்தால் செமி சிசல், அதாவது உருள்முனைச் செயின். ஸ்டில் வகைகளில் பெயரில் 'சூப்பர்' என்று வருவது முதல் வகை, 'மைக்ரோ' என்று வருவது இரண்டாவது. அமெரிக்காவின் ஜோ காக்ஸ் 1946-இல் மரத்தைக் குடையும் வண்டுப்புழுவின் தாடை இடமும் வலமும் மாறி மாறி அறுப்பதைக் கவனித்து, அதைப் பார்த்தே தன் செயினை வடிவமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓரிகன் நிறுவனம். அவருடைய செயினின் பல்லும் உருண்டதுதான். பிறகு வந்த சதுரமுனை வேகத்தைக் கூட்டியது.

அந்த வேகத்தை நம்பி இரண்டு ஆண்டுகள் ஃபுல் சிசல்தான் போட்டேன். பச்சை வேப்பங்கிளையைக் கயிறு கட்டி இறக்கி அறுக்கும்போது அது வெண்ணெயில் கத்திபோல இறங்கும்; மறுக்கவே மாட்டேன். தோப்பில் கதை வேறு. அங்கே காற்று ஓயாமல் மணலை வாரி அடிக்கிறது. சவுக்கின் பட்டை வெடிப்புகளிலெல்லாம் மணல். தென்னையின் புறத்தண்டு கடினமானது. அதன் திசுக்களிலேயே நுண்ணிய சிலிக்கா மணிகள் இருக்கின்றன, அதாவது மரத்துக்குள்ளேயே மணல். விழுந்த ஒரு தென்னையில் மூன்றாவது வெட்டிலேயே துருவலாக வந்தது மாவாக மாறியது. துருவல் மாவானால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அதே மரத்தின் மீதியைச் செமி சிசல் மாட்டி அறுத்தேன். ஒவ்வொரு வெட்டும் சற்று மெதுவாகத்தான் போனது. ஆனால் மதியச் சாப்பாடுவரை அரத்தைத் தொடவில்லை.

காரணம் எளிது. சதுரமுனைச் செயினில் வெட்டும் பாரம் முழுவதையும் அந்த ஒரு மூலைதான் தாங்குகிறது. மணல் முதலில் தின்பதும் அதைத்தான். உருண்ட முனையில் தேய்மானம் பரவிவிடுகிறது. அதைவிட முக்கியமானது தீட்டும்போது தெரியும். பல்லின் வெளிப்புறத்தில் மெல்லிய குரோமியப் பூச்சு இருக்கிறது. மூலையில் அந்தப் பூச்சு உரிந்துவிட்டால், உரிந்த இடம் முழுவதும் போகும்வரை அரத்தால் ராவ வேண்டும். ஃபுல் சிசலில் ஒவ்வொரு முறையும் நான் நிறைய உலோகத்தை இழந்தேன். செமி சிசலில் மூன்று நான்கு இழுப்பு போதும். செயினின் ஆயுள் என்பது பல்லில் மிச்சமிருக்கும் மில்லிமீட்டர்தான். என் தோப்பில் ஒரு செமி சிசல் தேயும் காலத்தில் இரண்டு ஃபுல் சிசல் தேய்ந்தன.

மழுங்கிய செயினோடு விட்டுவிட்டால் கெடுவது அதோடு நிற்காது. கை தானாக அழுத்தும். பார் சூடேறும், கிளட்ச் புகையும், இன்ஜின் திணறும். தென்னை ஏறும் தொழிலாளி ஒருவர் என்னிடம், "ஐயா, மிஷின் கெட்டுப்போச்சு என்று கடைக்குத் தூக்குவதற்கு முன்னால் ஒருமுறை அரம் போட்டுப் பாருங்கள்" என்றார். அதன்பிறகு எனக்குக் கடைச் செலவு பெரிதாக வந்ததில்லை. என் செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம், 30 பாகைச் சாய்வு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. நான்கைந்து முறைக்கு ஒருமுறை பல்லுக்கு முன்னால் இருக்கும் மட்டக்குமிழையும் (பல் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான்) பல் முனையைவிட 0.65 மி.மீ. இறக்கம் வருமாறு ராவுவேன்.

நகரத்துச் சாலையோர மரங்களுக்கும் நான் செமி சிசலையே சொல்வேன். விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்து கிடக்கின்றன. ஆணியில் பட்டால் எந்தப் பல்லும் போகும். உருண்ட முனையை மீட்பது மட்டும் சற்று எளிது. பெயரில்லாத மலிவுச் செயின்களில் இரண்டுதான் வாங்கியிருக்கிறேன். ஒன்று ஒரு வாரத்தில் நீண்டு தொங்கியது, இன்னொன்று நன்றாகவே உழைத்தது. கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளை முனையில் பதித்த செயினை ஒருமுறை இரவல் வாங்கித் தென்னை அடிக்கட்டையை அறுத்தேன், அசராமல் அறுத்தது. ஆனால் அதைத் தீட்ட வைரச் சக்கரம் வேண்டும், சாதாரண அரம் எடுபடாது. ஒரு கட்டையை வைத்து அதற்குமேல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

செயின் வாங்கப் போகும்போது '16 அங்குலம்' (40 செ.மீ. பார்தான்) என்று மட்டும் கேட்காதீர்கள். லிங்கிச் செட்டித் தெருவில் அப்படிக் கேட்டு வாங்கிவந்த செயின், வீட்டில் மாட்டியபோது தொளதொளவென்று தொங்கியது. பாரின் பள்ளத்துக்குள் ஓடும் துண்டுகள் என் பாருக்கு 55. அதே அளவுள்ள வேறு பல பார்களுக்கு 56. நான் வாங்கியது 56. அந்தத் துண்டின் தடிமனும் பொருந்த வேண்டும்: என்னுடையது 1.3 மி.மீ., இதே மிஷினின் தம்பி வகைகளில் 1.1-உம் உண்டு. மெலிந்த செயின் அகன்ற பள்ளத்தில் ஆடும், வெட்டு கோணிக்கொண்டு போகும். செயின் கண்ணிகளின் இடைவெளியான பிட்சும் பொருந்த வேண்டும்; அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தில் பாதிதான் அது. இந்த மூன்று எண்களும் பெரும்பாலும் பாரின் அடிப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடையது தேய்ந்து மறைந்துவிட்டதால், பழைய செயினையே ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போகிறேன். கடைக்காரர் இரண்டையும் ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு நீளம் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கிறேன்.