ஸ்கேன் பண்ணா க்ளெய்ம் ஆரம்பிச்சிடும்னு போட்டிருக்கும், அப்படியே நம்பிடாதீங்க

வண்டிக்கு இன்சூரன்ஸ் வச்சிருக்கிறவங்க ஒரு தடவை படிச்சிடுங்க, கொஞ்சம் நீளமாத்தான் போகும். கம்பெனி பேரு போடல, புகார் இன்னும் ஓடிட்டிருக்கு, அதுவும் போக இது ஒரே கம்பெனியோட நிக்கிற கூத்து மாதிரியும் எனக்குத் தெரியல.

பாலிசி பேப்பரோட ஒரு ஸ்டிக்கர் குடுத்தாங்க. கண்ணாடியில ஒட்டிக்கங்க, விபத்துன்னா இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, க்ளெய்ம் உடனே ஆரம்பிச்சிடும், யாருக்கும் போன் போட வேணாம்னு கொட்டை எழுத்துல இருந்துச்சு. பின்னாடி வந்த வண்டி இடிச்சு டிக்கி பக்கம் நல்லா உள்ள போயிருச்சு, யாருக்கும் அடி இல்ல, நானும் ரோட்டோரமா நின்னு ஸ்கேன் பண்ணேன். பேரு, வண்டி நம்பர், பாலிசி நம்பர் எல்லாத்தையும் நாமளே அடிக்கணும். என் பாலிசிக்குன்னு குடுத்த ஸ்டிக்கர்தானே, அதுலயே பாலிசி நம்பரை வச்சிருக்க முடியாதா? ஓடிபி பாக்க மெசேஜுக்குப் போயிட்டு வந்தா பக்கம் புதுசா லோட் ஆகி அடிச்சதெல்லாம் காலி, ஸ்கேனர் ஆப்புக்குள்ளயே திறக்கிற குட்டி பிரவுசர்ல இந்தத் தொல்லை அடிக்கடி வரும். மறுபடி அடிச்சு, போட்டோ எல்லாம் ஏத்தி சப்மிட் குடுத்தா பச்சை டிக் போட்டு "நன்றி, உங்கள் விவரங்கள் பெறப்பட்டன"ன்னு வந்துச்சு. அவ்ளோதான். நம்பர் கிடையாது, எஸ்எம்எஸ் கிடையாது, மெயில் கிடையாது.

வண்டியை வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போனாங்க. க்ளெய்ம் போட்டாச்சான்னு கேட்டாங்க, அந்தப் பச்சை டிக்கைக் காட்டுனேன், சரின்னு பம்பரைக் கழட்டிட்டாங்க. சேதத்தைப் பாத்து மதிப்பு போடுற சர்வேயர் வரவே இல்லையேன்னு கம்பெனிக்குப் போன் போட்டா, "உங்க பாலிசியில க்ளெய்மே பதிவாகலையே சார்"ங்கிறாங்க. அப்ப நான் அனுப்புனது என்னன்னு கேட்டா, வந்த பதிலைக் கேளுங்க: "அது கால்பேக் ரெக்வஸ்ட் சார், அந்த டீம் உங்களைக் கூப்பிட்டிருக்கணும்." ஸ்டிக்கர்ல க்ளெய்ம்னு போட்டுட்டு உள்ள வச்சிருக்கிறது, "எங்களைக் கூப்பிடுங்க"ன்னு சொல்ற ஒரு ஃபார்ம்!

வலிச்சது அதுக்கப்புறம்தான். நான் போன் பண்ண நாளைத்தான் தகவல் குடுத்த தேதியா பதிவு பண்ணாங்க, உடனே ஏன் தாமதம்னு விளக்கம் கேட்டு மெயில் வந்துச்சு. சர்வேயர் வந்து, பாக்கறதுக்கு முன்னாடியே கழட்டிட்டீங்களேன்னாரு. அவர் பாக்காம ஒரு போல்ட்டைக்கூட கழட்டக் கூடாது, ஏன்னா எந்த அடி இந்த விபத்துல பட்டது, எது முன்னாடியே இருந்ததுன்னு முடிவு பண்றது அவர்தான், கழட்டிப் போட்டதைப் பாத்து அதைச் சொல்ல முடியாது. பம்பருக்குப் பின்னாடி இருக்கிற இரும்புச் சட்டத்தை "உறுதி செய்ய இயலவில்லை"ன்னு அடிச்சிட்டாங்க, அந்தச் செலவு என் தலையில.

இந்தக் கோடோட விஷயத்தை நோண்டிப் பாத்ததுல தெரிஞ்சதைச் சொல்றேன். க்யூஆர் கோடை 1994ல ஜப்பான்ல டென்சோ கம்பெனி கொண்டு வந்ததே கார் பாகங்களை ட்ராக் பண்றதுக்குத்தான், அதனால எண்ணெய், அழுக்கு பட்டாலும் படிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க, உச்ச அளவு பிழைதிருத்தம் வச்ச கோடுன்னா கிட்டத்தட்ட 30 சதவீதம் கெட்டுப்போனாலும் ஸ்கேன் ஆகும். ஆனா ஸ்கேன் ஆகுதுங்கிறதுக்கும் பின்னாடி இருக்கிற பக்கம் உசுரோட இருக்குங்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. கோடுக்குள்ள க்ளெய்ம் ஒண்ணும் கிடையாது, ஒரு லிங்க் இருக்கும், அவ்வளவுதான். அதுவும் நிறைய இடத்துல நேரடி லிங்க் இல்ல, நடுவுல இன்னொரு சர்வீஸோட குட்டி லிங்க், அது எங்க போகணும்னு எப்ப வேணா மாத்திக்கலாம், அந்த சர்வீஸுக்குப் பணம் கட்டாம விட்டா கோடே செத்துடும். அச்சடிச்ச ஸ்டிக்கர் மட்டும் உங்க கண்ணாடியில பல்லிளிச்சிட்டு ஒட்டியிருக்கும்.

அதனால என்ன கேக்கணும்னா, க்ளெய்ம் நம்பர். அது கைக்கு வர்ற வரைக்கும் எதுவும் ஆரம்பிக்கலன்னே வச்சுக்கங்க. "பெறப்பட்டது", "சமர்ப்பிக்கப்பட்டது" எல்லாம் வெறும் வார்த்தை. சப்மிட் பண்ண கையோட தேதி, நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, எடுத்துட்டு பாலிசியில அச்சடிச்சிருக்கிற நம்பருக்கு ஒரு போன் போடுங்க, போன் வேணாம்னு ஸ்டிக்கர்ல போட்டிருந்தாலும் பரவால்ல போடுங்க, கூடவே நீங்க பேசுனதை ரெண்டு வரி மெயிலா அனுப்பி வைங்க. வண்டியைக் கழட்டலாமான்னு எழுத்துல கேளுங்க. போட்டோவோட ஒரிஜினலை போன்லயே வச்சிருங்க, வாட்ஸப்ல போட்டோவா அனுப்புனா எடுத்த நேரம், இடம் எல்லாம் அதுல இருந்து போயிடும், அப்புறம் அதைக் காட்டி வாதாட முடியாது.

இன்னொண்ணு, ஒர்க்‌ஷாப் சுவத்துல, இழுவை வண்டி கதவுல எல்லாம் "இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு ஸ்கேன் செய்யவும்"னு ஒட்டி வச்சிருப்பாங்க. அது யாரோட கோடுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு ஸ்டிக்கர் மேல இன்னொரு ஸ்டிக்கர் ஒட்ட எவ்ளோ நேரமாகும்? திருட்டுப் பக்கத்துக்கு இழுத்துட்டுப் போற க்யூஆர் கோடுகள் பத்தி அமெரிக்காவோட எஃப்பிஐ 2022 ஜனவரியிலயே எச்சரிக்கை விட்டிருக்கு. போன் காட்டுற லிங்க்கைப் படிச்சிட்டு அப்புறம் திறங்க. க்ளெய்ம் ஆரம்பிக்க கார்டு பின் எதுக்கு? எவன் கேட்டாலும் மூடிட்டு வெளிய வந்துடுங்க.

கம்பெனி கடைசியா எழுதுனது, பதிவு ஆச்சான்னு உறுதி பண்ணிக்கிறது வாடிக்கையாளர் பொறுப்பாம். ஸ்டிக்கரை மாத்துவீங்களான்னு கேட்டதுக்கு மட்டும் பதிலே இல்ல. குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஸ்டிக்கர் போட்டோ, ஸ்கிரீன்ஷாட் ரெண்டையும் வச்சு, அன்னைக்கு நான் அனுப்புன ஃபார்ம் எந்த நேரத்துக்கு யாருக்குப் போச்சுன்னு எழுத்துல கேட்டிருக்கேன். பதில் வந்தா இதுலயே சேக்குறேன்.