ஓப்பன்மீடியாவால்ட் 6-லிருந்து 7: அப்கிரேட் கருவி எப்படி?

சித்திரைத் திருவிழா வீடியோ முதல் காதுகுத்து வீடியோ வரை வீட்டு சர்வரில் வைத்திருப்பவர்களுக்கு, கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் இலவச சர்வர் மென்பொருளான ஓப்பன்மீடியாவால்ட் (சுருக்கமாக ஓஎம்வி) நல்ல தேர்வு. ஆனால் 7-க்குப் போகும்போது அடியிலிருக்கும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமும் 11-லிருந்து 12-க்கு மாறும். சாதாரண அப்டேட் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் ‘ஓஎம்வி-அப்கிரேட்’ கட்டளையை ஓட்டி 6-ஐ முழுசாகப் புதுப்பியுங்கள். பிறகு சிஸ்டம் டிஸ்கை, டிஸ்க் நகலெடுக்கும் கருவியான குளோன்ஜில்லாவில் இமேஜ் (முழு நகல்) எடுங்கள். மூல டிஸ்க், சேமிக்கும் டிஸ்க் எது எது என்று அளவையும் மாடல் எண்ணையும் பார்த்தே என்டர் தட்டுங்கள். அவசரத்தில் மாறிப்போவது இங்கேதான்.

அடுத்து 7-க்கு மாற்றும் ‘ஓஎம்வி-ரிலீஸ்-அப்கிரேட்’ கட்டளை. இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடர வைக்கும் டிமக்ஸுக்குள் இதை ஓட்டுவது அவசியம். அது இல்லாமல் வைஃபை அறுந்தால் எஸ்எஸ்எச் (சர்வருக்கான தொலை இணைப்பு) போகும், பேக்கேஜ்கள் பாதியில் நிற்கும். அப்படி நின்றால் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி கட்டளையை ‘கான்ஃபிகர்’, ‘ஏ’ ஆப்ஷன்களோடு ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். மதுரையில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைத் தவிருங்கள்; யுபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது.

முடிந்ததும் நெட்வொர்க் கிடைக்கவில்லையா? மானிட்டர் மாட்டி ‘ஓஎம்வி-ஃபர்ஸ்ட்எய்ட்’ ஓட்டி நெட்வொர்க்கை மீண்டும் அமையுங்கள். இந்தக் கருவிக்காகவே தாராளமாகப் பாராட்டலாம். வெப் பக்கம் கோணலாகத் தெரிந்தால் பிரவுசர் கேஷைக் காலி செய்யுங்கள்.